கலீஜு, பேஜாரு, ரீலு... பின்னால ஒரு பாபு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம்ம கேன்டீன்ல அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து காதை மட்டும் தீட்டி வச்சுக்குங்க. ரெக்கார்ட் நோட்டு முடிக்காதவன் லேபில் சொல்கிற காரணத்துக்குப் பேரு ரீல். அண்ணன் வாங்கின புது பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து கேட்டில் இரண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் அது சீன். ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தைக் கையில் பிடித்தபடியே ஒரு மணி நேரம் நின்றால் அது படம் காட்டுறது. கூப்பிட்ட இடத்துக்கு வர மனசில்லையா, கால்ஷீட் இல்ல மாப்ளே என்று ஒரே வார்த்தை. காதலில் தோற்றுத் தாடி விட்டவன் தேவதாஸ். அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினால் பாசமலர். பூனை மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று எகிறுகிறவன் அந்நியன். இதில் முதல் படம் 1953-ல் வந்தது, இரண்டாவது 1961, மூன்றாவது 2005. 'தேவதாஸ்' படத்தை முழுசாகப் பார்த்தவன் நம்ம வகுப்பில் ஒருத்தன்கூடக் கிடையாது. ஆனால் அந்தப் பேர் யாருக்கு வைக்கணும் என்று எல்லாருக்கும் தெரியும்!

இதெல்லாம் சினிமாவிலேயே பிறந்த வார்த்தை. இன்னொரு ரகம் இருக்கிறது. சினிமாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் சினிமாப் பெட்டியில் ஏறித்தான் நம்ம ஊருக்கு வந்தது. கலீஜ், பேஜார், கஸ்மாலம், பேமானி, அப்பால... வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் தினம் பஸ் பிடித்து வருகிற பையன், சென்னையைக் கண்ணால் பார்க்காதவன், இதைச் சரளமாகப் பேசுகிறான். அவங்க அப்பத்தா பேசினதா? இல்லை. அவங்க ஊர்ப் பேச்சு 'அங்குட்டு இங்குட்டு'. அப்புறம் எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னாடியே போனால் ஒரு மனுஷரிடம் போய் நிற்கிறோம். ஜே.பி. சந்திரபாபு. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறந்தது 1927, தூத்துக்குடி. முழுப்பேர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் தெரியாதவர் இருக்க முடியாது. அந்தப் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். அப்பா பேர் ரோட்ரிக்ஸ். கடற்கரைப் பரதவர் குடும்பம். 1530-களில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் கிறிஸ்தவர்களான மக்கள் என்பதால், ஐரோப்பியப் பேரும் தமிழ் உப்புக்காற்றும் ஒரே வீட்டில் இருந்தது. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அவங்க விட்டுப்போன சில்லறைக் காசின் பேர் 'டொய்ட்'. அதுதான் நம்ம வாயில் துட்டு! ஹாஸ்டலில் மாசக் கடைசியில் நாம் தேடுகிற அதே துட்டுதான். சந்திரபாபு பிறப்பதற்கு முந்தியே அவர் ஊர் இந்த மாதிரி வேலையில் கைதேர்ந்தது என்று சொல்வதற்காக இதை எழுதினேன். வெளியூர் வார்த்தை கப்பலில் வந்து இறங்கும், ரெண்டு தலைமுறையில் நம்ம வார்த்தை ஆகிவிடும்.

அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். பத்திரிகை நடத்தினார். வெள்ளைக்காரன் சும்மா விடுவானா? பத்திரிகை பறிபோனது, குடும்பம் கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று. பாபு படித்ததெல்லாம் கொழும்பில். அங்கேதான் இங்கிலீஷும் மேல்நாட்டுப் பாட்டும் ஆட்டமும் அவருக்குள் போனது. 1943-ல் குடும்பம் மெட்ராஸ் வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. அப்போது அவருக்கு வயசு பதினாறு. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். திருவல்லிக்கேணி எப்படிப்பட்ட இடம்? ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், ஒரு பக்கம் ஆற்காடு நவாபு கட்டின பெரிய மசூதி, கிழக்கே போனால் மீனவர் குப்பம். தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே தெருவில் ஓடும். தெருமுனைக்குத் தெருமுனை கைரிக்‌ஷா. மனுஷனை மனுஷன் இழுத்துக்கொண்டு ஓடுகிற வண்டி. சவாரி ஏறுகிறவன் எந்தப் பாஷை பேசினாலும் ரிக்‌ஷாக்காரர் பதில் சொல்லியாகணும், இல்லையென்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அந்த அவசரத்தில் உருவான பேச்சுதான் மெட்ராஸ் பாஷை.

அதைக் கேவலமான பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தால், லேத்தைப் பிரித்துப் போட்ட மாதிரி அத்தனை பாகமும் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. கலீஜ் உருது, அழுக்கு என்று அர்த்தம். பேஜார் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. சலித்துப் போனவன், வெறுத்துப் போனவன் என்று பொருள். பேமானியில் இருப்பது ஈமான். ஈமான் என்றால் நம்பிக்கை, நேர்மை. அது இல்லாதவன் பேமானி. நாஸ்தா காலைப் பலகாரம். உஷார், ஜல்தி, மஜா எல்லாம் அதே வழிதான். நைனா தெலுங்கு அப்பா. டப்பு தெலுங்குக் காசு. எல்லாவற்றையும் விடப் பெரிய வேடிக்கை கஸ்மாலம். அது சமஸ்கிருதம்! போர்க்களத்தில் சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனின் நிலைமையைச் சொல்ல கீதையின் இரண்டாவது அத்தியாயத்தில் வருகிற வார்த்தை. மனச்சோர்வு, அழுக்கு என்றெல்லாம் பொருள். குருக்ஷேத்திரத்தில் கிளம்பிய வார்த்தை குழாயடிச் சண்டையில் வந்து நிற்கிறது!

மிச்சம் இருப்பது என்ன? சுத்தத் தமிழ்தான். குந்து என்பது பழைய தமிழ் வினைச்சொல். ஊட்டாண்ட என்பது 'வீட்டு அண்டை'. அண்டை வீடு என்று நாம் எழுதுகிறோமே, அதே அண்டை. இஸ்துகினு என்பது 'இழுத்துக்கொண்டு'. ரிக்‌ஷா இழுக்கிறவருக்கு இழுத்துக்கொண்டு என்று ஏழெட்டு எழுத்தையும் முழுசாகச் சொல்ல மூச்சு எங்கே இருக்கும்?

இன்னொரு விஷயம் நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது. 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக வந்தார். கோட்டையைக் கையில் வைத்திருந்தார். அவர் தங்கை பேரால் வந்ததாகச் சொல்லப்படுகிற பேகம்பூர் இன்றைக்கும் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேகம்பூரில் உருது வீட்டில் பேசுகிற குடும்பங்கள் உண்டு. அவங்களுக்கு நாஸ்தாவும் கலீஜும் பேஜாரும் எந்தக் காமெடியனும் சொல்லித் தரவேண்டிய வார்த்தை இல்லை. அதாவது இந்த வார்த்தைகள் நம்ம ஊருக்கு இரண்டு தடவை வந்திருக்கின்றன. ஒரு தடவை குதிரையில், ஒரு தடவை படப்பெட்டியில். குதிரையில் வந்தது பேகம்பூரைத் தாண்டி அதிகமாகப் பரவவில்லை. பெட்டியில் வந்ததுதான் ஒட்டன்சத்திரம் வரைக்கும் போனது.

சரி, பாபுவிடம் வருவோம். அவருக்குச் சினிமா ஆசை. கதவு கதவாகத் தட்டினார். 1947-ல் 'தன அமராவதி' என்ற படத்தில் ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கில் சும்மா. 1952-ல் ஜெமினி ஸ்டுடியோ வாசலில் வாய்ப்புக் கேட்டு அலுத்துப்போய், உயிரையே விட்டுவிடத் துணிந்தார். காப்பாற்றினார்கள், கேஸ் போட்டார்கள். பிறகு அதே ஜெமினியில், 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது. இந்த வருஷங்களைப் பற்றிப் பலவிதமாகக் கதை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை, எது நிஜம் எது ரீல் என்று பிரிப்பதும் கஷ்டம். ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த அஞ்சு வருஷமும் அவர் மெட்ராஸ் தெருக்களில் நடந்து திரிந்தவர். கார் வாங்கின பிறகு கேட்ட பேச்சு இல்லை அது. காசில்லாத காலத்தில் கேட்டது.

அதுக்கப்புறம் ஏறுமுகம். 'குலேபகாவலி' (1955), 'புதுமைப்பித்தன்' (1957), 'புதையல்' (1957), 'நாடோடி மன்னன்' (1958)... ஒரு பக்கம் எம்.ஜி.ஆர். படம், ஒரு பக்கம் சிவாஜி படம். சொந்தக் குரலில் பாடுவார், உடம்பை ரப்பர் மாதிரி வளைத்து ஆடுவார். தொண்டையிலிருந்து சட்டென்று உச்சிக்குத் தாவுகிற யோடலிங் என்கிற மலைநாட்டுப் பாட்டு முறையைத் தமிழ்ப் பாட்டில் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். 1959-ல் ஏவி.எம். 'சகோதரி' என்று ஒரு படம் எடுத்தது. எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் சப்பென்று இருந்தது. சந்திரபாபுவைக் கூப்பிட்டு, பால்காரன் வேஷத்தில் ஒரு தனிக் காமெடிப் பகுதியை எடுத்து நடுநடுவே சேர்த்தார்கள். படம் பிழைத்தது. வெல்டிங்கில் ஜாயின்ட் தெரியாமல் சேர்த்த மாதிரி!

ஆனால் நம்ம விஷயத்துக்கு முக்கியம் இதுக்கு முந்தின வருஷம். 1958 அக்டோபரில் பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா' வந்தது. சிவாஜி கணேசன் கதாநாயகன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேஷம். ஒன்று, படித்த சாது இளைஞன். இன்னொன்று, மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரன். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, வீட்டில் இங்கிலீஷ் கலந்து பேசுகிற ஒருத்தர், கைரிக்‌ஷாவின் கைப்பிடிக்கு நடுவே நின்று அந்தப் பேச்சை அப்படியே எடுத்துவிட்டார். அதுக்கு முன்னால் சினிமாவில் யாருமே மெட்ராஸ் பாஷை பேசவில்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மதுரைக்குத் தெற்கே இருக்கிறவனும் அதைப் பேசிப் பார்க்க ஆசைப்பட்டது இந்தப் படத்துக்கு அப்புறம்தான். 1962-ல் இதையே இந்தியில் எடுத்தார்கள், 'தில் தேரா தீவானா' என்று. கதை இந்திக்குப் போயிற்று. பாஷை இங்கேயே நின்றுவிட்டது. அதை எப்படி மொழிபெயர்க்கிறது?

ஒரு படம் அந்தக் காலத்தில் நம்ம பக்கம் வந்து சேர்கிற விதத்தையும் சொல்லணும். அப்போது நம்ம ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். படப்பெட்டி முதலில் மதுரை மாதிரிப் பெரிய ஊரில் ஓடும். ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, பிறகு சின்ன ஊர், அதுக்கும் பிறகு டூரிங் கொட்டகை. சோலைஹால், என்.வி.ஜி.பி. என்று நம்ம டவுனில் பேர் சொன்னால் பெரியவங்க முகம் இப்பவும் மாறும். சோலைஹால் பேரில் ரோடே இருக்கிறது. கிராமத்துப் பக்கம் கொட்டகையில் தரை டிக்கெட், மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார வேண்டியது. முன்னால் உயரமான ஆள் இருந்தால் மேடு இன்னும் உயரும். ஒரே புரொஜெக்டர் உள்ள கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவான். அந்த இடைவெளியில் என்ன செய்வார்கள்? முறுக்கு, சோடா, அப்புறம் கொஞ்சம் முன்னால் பாபு பேசியதைப் பேசிப் பார்ப்பது. பாஷை பரவியது அந்த இடைவெளிகளில்தான் என்பது என் கணிப்பு.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு துணுக்கு. புரொஜெக்டருக்குள் இருப்பது நம்ம பாடத்தில் வருகிற ஜெனீவா மெக்கானிசம். நாலு பள்ளம் உள்ள சக்கரம். ஓட்டுகிற பின் ஒரு சுற்றுச் சுற்றினால் இது கால் சுற்று நகர்ந்து நிற்கும். ஒரு நகர்வுக்கு ஒரு படம். வினாடிக்கு 24 படம் என்றால் அந்தப் பின் நிமிஷத்துக்கு 1440 சுற்று. ஒரு அடி ஃபிலிமில் 16 படம். ஆயிரம் அடி ரீல் ஓட ஏறக்குறைய 11 நிமிஷம். கையில் பிடித்தால் வெறும் பிளாஸ்டிக் சுருள், வெளிச்சத்தில் விட்டால் அரண்மனையும் யானையும்! இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டுகிறவனை ரீல் விடுறான் என்று நம்ம ஆட்கள் சொன்னதில் என்ன ஆச்சரியம்? சிலர் இதை நூல் விடுறதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். நூல் விடுறது பட்டம் விடுகிறவன் வேலை, அது ஆழம் பார்க்கிறது. ரீல் விடுறது ஆபரேட்டர் வேலை. ரெண்டும் வேற வேற. டூப் என்பதும் இப்படித்தான். கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிற ஆளுக்குப் பேர் டூப். பொய்க்கும் அதே பேர் வந்துவிட்டது. எலும்பு முறிகிறது என்னவோ நிஜம்தான், பாவம்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

'சபாஷ் மீனா' ஓடினதில் யாருக்கு என்ன கிடைத்தது? பாபுவுக்குப் பேர் கிடைத்தது. ஊருக்குச் சிரிப்பு கிடைத்தது. அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரரான ரிக்‌ஷாக்காரருக்கு? அவர் பேச்சு இனிமேல் காமெடியன் பேச்சு என்று முத்திரை விழுந்தது. படத்தில் கதாநாயகன் நல்ல தமிழ் பேசுவார், பக்கத்தில் நிற்கிறவர் மெட்ராஸ் பாஷை பேசுவார் என்பது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. 1968-ல் 'பொம்மலாட்டம்' வந்தபோது சோ அந்தப் பாஷை பேசினார், மனோரமா அதே பாஷையில் பாட்டே பாடினார். பிறகு தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று வரிசை நீண்டது. 1971-ல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் கதாநாயகனே ரிக்‌ஷா ஓட்டுகிறவர். ஆனாலும் அவர் பேச்சு ரிக்‌ஷா ஸ்டாண்டுப் பேச்சு இல்லை. ஏழையாக நடிக்கலாம், ஏழை மாதிரிப் பேசக் கூடாது!

இதில் பாபு மேல் குற்றம் சொல்லலாமா? என்னால் முடியவில்லை. அவர் நடிப்பில் அந்த ஆள் மேல் ஏளனம் இல்லை, ஒரு துள்ளல்தான் இருக்கிறது. அந்த ரிக்‌ஷாக்காரன் யாருக்கும் பணிந்து பேசுகிறவன் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை நடிகர் வாயிலிருந்து கிளம்பி, கொட்டகையைத் தாண்டி, நம்ம வாய்க்கு வந்து சேரும்போது அந்தத் துள்ளல் வழியிலேயே உதிர்ந்துபோகிறது. வசவு மட்டும் மிஞ்சுகிறது.

போன வருஷம் முடித்துவிட்டுப் போன சீனியர் ஒருத்தர் தீபாவளிக்கு வந்தபோது சொன்னது இது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. அங்கே கேன்டீனில் பரிமாறுகிற ஒரு அண்ணனோடு நல்ல பழக்கம். ஒருநாள் ரொம்ப அன்போடு, படத்தில் பேசுகிற மாதிரி, அவரைக் கஸ்மாலம் என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த அண்ணன் திட்டவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுக்கப்புறம் பேச்சே இல்லை. நம்ம சீனியருக்கு அது சினிமா வார்த்தை. அவருக்கு அது காலம் காலமாக அவங்க ஆட்களைப் பார்த்து மத்தவங்க வீசின வார்த்தை. இதே சீனியரை அதே கம்பெனியில் 'அங்குட்டு' என்று பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நாம் எல்லாருமே நாளைக்கு அம்பத்தூருக்கோ, ஒரகடத்துக்கோ, ஓசூருக்கோதான் போகப் போகிறோம். திண்டுக்கல் பேச்சோடுதான் போகணும். அதனால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதினேன்.

பாபுவின் மிச்ச வாழ்க்கையைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல மனசு வரவில்லை. 1958-ல் கல்யாணம். தன் மனசு வேறு இடத்தில் இருப்பதாக மனைவி சொன்னதும், தடுக்காமல் அனுப்பி வைத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதினவர்கள் சொல்கிறார்கள். அதோடு அந்த வாழ்க்கை முடிந்தது. பிறகு எம்.ஜி.ஆர்., சாவித்திரி நடிக்க 'மாடி வீட்டு ஏழை' என்று சொந்தப் படம் ஆரம்பித்தார். படம் பாதியில் நின்றது. கால்ஷீட் விவகாரம். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் இரண்டு கட்சி. நம்ம ஊரில் அந்தப் பேச்சை எடுக்கவே யோசிக்கணும். 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலையை முதல் முதலாக ஜெயிக்க வைத்த ஊர், இங்கே வாத்தியார் என்றால் ஒருத்தர்தான்! நம்ம கேன்டீனில் கால்ஷீட் இல்ல என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அந்த வார்த்தை ஒரு மனுஷரின் வீட்டையே விழுங்கியிருக்கிறது. பெரிய வீடு கட்ட ஆரம்பித்தவர், கார் நேராக மாடிக்கே ஏறிப் போகிற மாதிரி. அது கடனில் போயிற்று. படத்தின் பேரே அவர் ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது.

1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று தானே இயக்கி, தானே கதாநாயகனாக நடித்தார். காமெடியன் பேச்சு பேசினவர் காமெடியனாகவே இருக்கணும் என்று ஜனங்களே முடிவு பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. படம் ஓடவில்லை. அவர் ஊருக்குக் கற்றுக்கொடுத்த அதே சட்டம் அவர் மேலேயே திரும்பினது. குடி சேர்ந்தது. நாகேஷ் காலம் வந்துவிட்டது. 'அடிமைப்பெண்' (1969) மாதிரி சில படங்களில் வந்து போனார். 1974 மார்ச் 8-ம் தேதி இறந்தார். வயசு 46தான்.

அதே 70-களின் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டு அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. 'சபாஷ் மீனா'வில் அவர் இழுத்த வண்டியும் அவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மெட்ராஸ் தெருவை விட்டுப் போனார்கள்.

வார்த்தை மட்டும் தொழிலை விடவில்லை. கவுண்டமணி வந்தார், வடிவேலு வந்தார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் நேசமணி, பதினெட்டு வருஷம் கழித்து 2019 மே மாசம் ஒரே நாளில் உலகம் பூரா செல்போனில் ஓடினதை நாம் எல்லாரும் பார்த்தோம். 2001-ல் வந்த 'தீனா' கொடுத்த தல இன்னைக்கு ஆட்டோ ஸ்டாண்டு முதல் ஆபீஸ் வரைக்கும் பொதுச் சொத்து. இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) என்று வந்த படங்களில் கதாநாயகனே அந்தப் பாஷையைப் பேசினான். கோபப்பட்டான், காதலித்தான், அழுதான். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. இதுக்கு 1958-லிருந்து ஐம்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போகிற ஜூனியர்களுக்கு ஒரு தகவல். மெரினாவைப் பார்த்துவிட்டு அப்படியே தெற்கே சாந்தோம் தாண்டினால் பட்டினப்பாக்கம் பக்கம் குவிபிள் தீவுக் கல்லறை இருக்கிறது. பாபு அங்கேதான் இருக்கிறார். பக்கத்திலேயே மீனவர் குப்பம். சாயங்கால நேரம் போனால் வலையை இஸ்துகினு வருகிறவர்களின் பேச்சையும் கேட்கலாம். டீக்கடையில் குந்திக் கேட்டால் வழி சொல்லுவார்கள். நாம் திண்டுக்கல் பேச்சிலேயே கேட்கலாம், புரியும்.